காது கேட்கும்போதே பாடுவோம்

சென்ற ஆண்டு மே மாதத்தில், கல்லூரிகளுக்குக் கோடை விடுமுறை விட்டிருந்த நாள்களில் ஒரு மாலை. எங்கள் மருத்துவமனையின் தரைத்தளக் காத்திருப்புக் கூடத்தில் ஆறு இளைஞர்கள் அமர்ந்திருந்தனர். அனைவரும் புளியந்தோப்புப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள். நண்பன் ஒருவனின் தந்தைக்கு மறுநாள் அறுவைச் சிகிச்சை. அதற்காக இரத்தம் கொடுக்க வந்தவர்கள், நண்பனைத் தனியே விட்டுச் செல்ல மனமின்றித் தங்கிவிட்டனர். ஒருவன் இருக்கையின் விளிம்பில் விரல் நுனியால் தாளம் தட்ட, மற்றொருவன் தாழ்ந்த குரலில் கானாப் பாட்டு ஒன்றை எடுத்தான். மற்றவர்கள் பல்லவியில் சேர்ந்துகொண்டனர். வாத்தியம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, கைப்பேசியைக்கூட எவரும் வெளியில் எடுக்கவில்லை.

இரண்டாவது சரணத்தில் ஓர் அம்மையார் எழுந்து வந்தார். அவருடைய கணவர் மேல்மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். "இங்க யாரு செத்துட்டாங்கன்னு கானா பாடறீங்க?" என்று கேட்டார். பாட்டு அந்தக் கணமே நின்றது. "சாரிம்மா, தெரியாம பாடிட்டோம்" என்று பிள்ளைகள் எழுந்து நின்றனர். அப்போது சக்கர நாற்காலியில் இருந்த முதியவர் ஒருவர், மூடப்பட்டுவிட்ட பக்கிங்காம் கர்னாட்டிக் ஆலையின் பழைய தொழிலாளி, "ஏம்பா நிறுத்திட்டீங்க? நல்லாத்தான கீது" என்றார்.

இந்த இரண்டு குரல்களில் எது சரி என்று அன்று முதல் எங்களுக்குள் விவாதித்து வருகின்றோம். இம்மடலைத் தொகுக்கும் எங்களில் செவிலியர் உண்டு, அலுவலர் உண்டு, நெடுநாள் நோயாளியருடன் இருந்து பழகிய தன்னார்வலர் உண்டு. இருவரும் சரியே என்பது எங்கள் முடிவு. அம்மையாரின் அச்சத்தை மதிக்காமல் பாட முடியாது. முதியவரின் விருப்பத்தை மறந்து மருத்துவமனையை ஊமையாக வைத்திருக்கவும் கூடாது. இரண்டையும் ஒருங்கே காப்பதற்கு ஒரு வழியை இங்கே முன்வைக்கின்றோம்.

வெறுங்குரலின் மரபு

வாத்தியத் துணையின்றி மனிதக் குரல்களால் மட்டுமே பாடும் முறைக்கு மேலைநாட்டில் 'அ கப்பெல்லா' என்று பெயர். 'தேவாலய முறையில்' என்பது அந்த இத்தாலியச் சொல்லின் பொருள். அமெரிக்கக் கல்லூரிகளில் இது நெடுநாள் வழக்கம். யேல் பல்கலைக்கழகத்தின் விஃபன்பூஃப்ஸ் குழு 1909-இல் தோன்றியது. கோடை விடுமுறைக்கென்றே கூடும் குழுக்களும் அங்கு உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் கடற்கரையில் ஹையானிஸ் சவுண்ட் என்னும் குழுவைச் சேர்ந்த கல்லூரி இளைஞர்கள் 1994 முதல் கோடைதோறும் ஒன்றுகூடிப் பாடி வருகின்றனர். பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்கள் 1996-இல் தொடங்கிய பென் மசாலா குழு, இந்தியப் பாடல்களை இம்முறையில் உலகெங்கும் கொண்டு சென்றது.

நமக்கும் இது புதிதன்று. 'திருடா திருடா' (1993) படத்தில் சாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி' பாடலை நினைத்துப் பாருங்கள். ஏ.ஆர். ரகுமான் அதில் வாத்தியங்களை ஒதுக்கிவிட்டுக் குரல்களையே பின்னணியாக நிறுத்தினார். அதற்கும் முன்பே, இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர்களைத் திரட்டிச் சேர்ந்திசைக் குழு அமைத்து, 1988-இல் மறையும்வரை இளையோரைக் கூட்டாகப் பாடவைத்தார்.

ஆனால் புளியந்தோப்பில் வெறுங்குரலுக்கு வேறொரு பெயர் உண்டு. அதுதான் கானா. டோலக்கும் புல்புல்தாராவும் கிடைத்தால் கானாவுக்கு நல்லதே. கிடைக்காவிட்டாலும் அது நிற்பதில்லை. தீப்பெட்டி போதும், கவிழ்த்த பாத்திரம் போதும், வகுப்பறை மேசை போதும், இரண்டு கைகள் போதும். வடசென்னையின் துறைமுகக் கூலிகளும் ஆலைத் தொழிலாளரும் தூய்மைப் பணியாளரும் வளர்த்த கலை அது. விலைகொடுத்துக் கருவி வாங்க இயலாதவர்களின் கலை. கானாப் பாடகர் பலர், இராயபுரத்தில் வாழ்ந்து அடங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபைத் (1792–1838) தம் முன்னோடியாகப் போற்றுகின்றனர். மாநகரப் பேருந்தின் தகரத்தைத் தட்டிக்கொண்டு கல்லூரி மாணவர்கள் கூட்டாகப் பாடிச் செல்வதை இந்நகரில் கேளாதவர் இலர். அது நம்மூர் 'அ கப்பெல்லா'. எவரும் அதை அப்படி அழைக்கவில்லை, அவ்வளவே.

சாவு வீட்டுப் பாட்டு என்னும் அச்சம்

அந்த அம்மையாரின் கோபத்துக்குக் காரணம் உண்டு. நம் பகுதியில் ஒருவர் மறைந்தால் அன்றிரவு கானாப் பாடகரை அழைப்பது வழக்கம். பதினாறாம் நாள் காரியத்திலும் பாட்டு உண்டு. இவற்றை 'மரண கானா' என்றே குறிப்பிடுவர். புளியந்தோப்பில் பிறந்து, சட்டம் படித்து, 'அட்டகத்தி' (2012) படத்தின் வழியே தமிழகம் முழுவதும் அறியப்பட்ட கானா பாலா, திரைக்கு வருமுன் பாடிப் பழகிய மேடைகளில் சாவு வீடுகளும் அடங்கும். இந்த ஒலியை இழவோடு சேர்த்தே கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, தம் கணவர் உயிருக்குப் போராடும் வேளையில் அது அபசகுனமாகப் படுவதில் வியப்பில்லை. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட எங்களுக்கு மனமில்லை. அச்சத்தில் இருப்பவரிடம் வாதம் செய்வது மருத்துவமனைக்கு அழகன்று.

ஆயினும், அந்த இரவுப் பாட்டில் என்ன இருக்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம். பாடகர் வந்தவுடன் வீட்டாரிடம் விவரம் கேட்பார். இறந்தவரின் பெயர் என்ன, பெற்றோர் யார், உடன்பிறந்தோர் எத்தனை பேர், என்ன தொழில் செய்தார், பேரப்பிள்ளைகளின் பெயர் என்ன என்று கேட்டு, அவற்றையெல்லாம் பாட்டில் கோத்துவிடுவார். எந்தச் செய்தித்தாளிலும் இடம்பெறாத ஒரு வாழ்க்கை அந்த ஓரிரவில் ஊரறியப் பாடப்படுகின்றது. மூட்டை தூக்கிய தோளும், விடியுமுன் தெருப் பெருக்கிய கையும் அன்று பாட்டுடைத் தலைவராகின்றன. மனைவி கேட்கின்றார், மக்கள் கேட்கின்றனர், தெருவே விழித்திருந்து கேட்கின்றது.

யாரைப் பற்றிய பாட்டோ அவர் மட்டும் கேட்பதில்லை.

எங்களை உறுத்துவது இதுதான். மாதக்கணக்கில் ஒரே கட்டிலில் படுத்திருக்கும் ஒருவர் எங்களிடம் 'பதினான்காம் படுக்கை' ஆகிவிடுகின்றார். நோயின் பெயரால் அறியப்படுகின்றார். மருந்துச் சீட்டின் எண்ணால் அழைக்கப்படுகின்றார். அவர் துறைமுகத்தில் பாரந்தூக்கியை இயக்கியவர் என்பதோ, வியாசர்பாடி மைதானத்தில் கால்பந்து ஆடியவர் என்பதோ எவருக்கும் தெரிவதில்லை. உறவினர்கூட அவரிடம் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பவற்றைத் தவிர வேறு பேச மறந்துவிடுகின்றனர். அவர் யார் என்பதைக் கேட்டுத் தெரிந்து, அவர் பெயரை வைத்து, அவர் முன்னிலையில் பாடும் கலை இந்த மருத்துவமனைக்கு வெளியே இரண்டு தெரு தள்ளி உயிரோடு இருக்கின்றது. அதை அவர் கண்மூடும்வரை வாசலிலேயே நிறுத்திவைப்பது நியாயமா?

கானா இழவுக்கு மட்டும் உரியதுமன்று. திருமண வீட்டில், கோயில் திருவிழாவில், நண்பர் கூடும் மாலையில் பாடப்படுவதும் அதுவே. 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவைச் சமத்துவம் பேசும் இசையாக ஆயிரக்கணக்கானோர் முன் நிறுத்தியது. அக்குழுவின் பாடகி, இராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி, பிபிசியின் 2020-ஆம் ஆண்டு நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஆண்களுக்கே உரியது எனக் கருதப்பட்ட கலையில் ஒரு பெண் நின்று பாட முடியுமானால், இழவுக்கே உரியது எனக் கருதப்படும் பாட்டும் வாழ்வோரின் பக்கம் வந்து நிற்க முடியும்.

பாட்டு மருந்தாகுமா?

ஆகாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். பாட்டு கட்டியைக் கரைக்காது, சர்க்கரையைக் குறைக்காது, எந்த மாத்திரைக்கும் மாற்றாகாது. 'இசையால் நோய் தீரும்' என்று எவரேனும் பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

ஆனால் பாட்டு சில சிறு உதவிகளைச் செய்கின்றது. அவற்றுக்குச் சான்றும் உண்டு. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் இசை கேட்பது பற்றி மொத்தம் 2,051 பேரிடம் நடத்தப்பட்ட 26 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2013-இல் தொகுத்துப் பார்த்தது. இசை அவர்களுடைய பதற்றத்தைத் தணிக்கக்கூடும் என்று கண்டது. மூளையின் இடப்பக்கத்தில் பக்கவாதம் தாக்கி, அஃபேசியா எனப்படும் பேச்சிழப்புக்கு ஆளானவர்களில் சிலர், ஒரு சொல்லைச் சொல்ல இயலாதபோதும் பழகிய பாட்டின் வரியைப் பாடிவிடுவர். இதைக் கவனித்த பாஸ்டன் நகர ஆய்வாளர்கள், சொற்களை மெட்டில் வைத்துப் பழக்கும் பயிற்சி முறையை 1973-இல் வெளியிட்டனர். அது எல்லோருக்கும் பலன் தருவதில்லை. பேச்சுப் பயிற்சியாளரின் வழிகாட்டலில் செய்ய வேண்டியது. எனினும், பேசாத தந்தை பாட்டுக்கு உதடு அசைத்தால் அதைப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். அது பயனுள்ள தகவல்.

இன்னொன்றும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இறுதிக்கால நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கூப்பிட்டால் பதில் தராத நிலைக்குச் சென்றுவிட்ட சிலருடைய மூளையும் ஒலியின் மாற்றத்துக்கு எதிர்வினை காட்டியது. கேட்டதை அவர்கள் புரிந்துகொண்டார்களா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆராயப்பட்டவர்களின் எண்ணிக்கையும் சிறிது. ஆனால் "இனி அவருக்கு எதுவும் கேட்காது" என்று கட்டிலருகே நின்று உரக்கப் பேசும் நம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள அது போதும். கடைசிவரை காது திறந்திருக்கலாம் என எண்ணி நடந்துகொள்வதில் நமக்கு இழப்பொன்றும் இல்லை.

எதிர்வாதங்கள்

எங்கள் கருத்தை ஏற்காதவர்கள் எங்களுக்குள்ளேயே உண்டு. அவர்கள் எழுப்பிய கேள்விகள் வலுவானவை.

முதலாவது, இரைச்சல். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி மருத்துவமனையைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம். அங்கு ஒலியின் வரம்பு பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல். ஒலிபெருக்கி கூடாது, பறையும் மேளமும் கூடாது, கூட்டம் சேர்க்கும் நிகழ்ச்சியும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டல் இன்னும் கடுமையானது: நோயாளர் அறைக்குள் 30 டெசிபல். ஆகவே இங்கு மேடைக் கச்சேரிக்கு இடமே இல்லை. இடம் இருப்பது, பேச்சுக் குரலுக்கு மேல் எழாத வெறுங்குரலுக்கே. வாத்தியமும் ஒலிபெருக்கியும் இல்லாமை மற்ற இடங்களில் ஒரு குறையாகக் கருதப்படலாம். இங்கு அதுவே தகுதி.

இரண்டாவது, தொற்று. பாடும்போது மூச்சுத்துளிகள் மிகுதியாக வெளிப்படும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழுவின் ஒத்திகைக்கு வந்த 61 பேரில், உறுதியானோரும் ஐயத்துக்குரியோருமாக 53 பேர் கொரோனா நோயாளர் எனக் கணக்கிடப்பட்டனர். அவர்களில் இருவர் இறந்தனர். இதை மறந்து எவரையும் வார்டுக்குள் அழைக்க முடியாது.

மூன்றாவது, பாட்டின் பொருள். கத்தியையும் மதுவையும் கொண்டாடும் கானாவும், பெண்களை இழிவுபடுத்தும் கானாவும் உண்டு. மாணவர் பாட்டு என்றவுடன், 2019 ஜூனில் பேருந்துக் கூரையிலிருந்து மாணவர்கள் சரிந்து விழுந்த காட்சி பலருக்கு நினைவு வரும். எங்கள் காத்திருப்புக் கூடத்தில் பாடிய ஆறு பிள்ளைகளோ, ஒரு தாய் ஒரு சொல் சொன்னவுடன் எழுந்து நின்றவர்கள். சிலர் செய்த பிழைக்காகப் புளியந்தோப்பு என்ற முகவரியையே சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கத்தை இந்த நகரம் விட வேண்டும். ஒரு மருத்துவமனையேனும் அதை முதலில் விடட்டும்.

நான்காவதே எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது. நோயாளி எழுந்து போக முடியாதவர். மேடையில் பிடிக்காத பாட்டு வந்தால் நாம் வெளியேறலாம். கட்டிலில் இருப்பவர் என்ன செய்வார்? அன்பின் பெயரால் செய்தாலும், கேட்க விரும்பாதவரின் காதில் பாட்டை ஊற்றுவது வன்முறையே. மௌனமும் சிலருக்கு மருந்து.

நாங்கள் முன்வைப்பது

இக்காரணங்களை எல்லாம் எடைபோட்ட பின்னும், வரும் கோடையில் ஒரு சிறு முயற்சியைச் செய்து பார்க்கலாம் என்றே கருதுகின்றோம். அருகிலுள்ள வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி போன்றவற்றில் பயிலும் நம் பகுதிப் பிள்ளைகளில் பாட விருப்பமுள்ளோர் நான்கைந்து பேராக வரட்டும். விடுமுறையில் அவர்களுக்கும் நேரம் உண்டு. கோடையில் உள்ளிருப்போருக்கோ நேரம் நகர்வதே இல்லை.

அழைத்தவரிடம் மட்டுமே அவர்கள் செல்ல வேண்டும். முதல்நாளே செவிலியர் நோயாளியைக் கேட்பார். நோயாளி பேச இயலாதவராயின் குடும்பத்தாரைக் கேட்பார். அடுத்த கட்டிலில் இருப்பவரின் சம்மதமும் தேவை. அவர் வேண்டாம் என்றால், நடக்கவோ நாற்காலியில் வரவோ இயன்றவரைப் பின்புற வேப்பமர நிழலுக்கு அழைத்துச் சென்று பாடலாம். தீவிர சிகிச்சைப் பிரிவு, காசநோய்ப் பிரிவு, எதிர்ப்புச் சக்தி குன்றியோர் இருக்கும் அறைகள் ஆகியவற்றுக்குள் பாட்டு கிடையாது. இருமல், சளி, காய்ச்சல் உள்ள பாடகர் அன்று வரலாகாது. வந்தவர்கள் கைகழுவி, முகக்கவசம் அணிந்து, இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பத்து நிமிடம் போதும். படம் பிடிப்பதும் காணொளி எடுப்பதும் அறவே கூடாது; நோயாளியின் முகம் எவருடைய விளம்பரத்துக்கும் உரியதன்று.

என்ன பாடுவது என்பதை நோயாளியே முடிவு செய்யட்டும். பழைய திரைப்பாட்டோ, பக்திப் பாட்டோ, கானாவோ, எதுவானாலும் அவர் விருப்பம். கானா கேட்பவரிடம் பிள்ளைகள் முதலில் உட்கார்ந்து கேட்கட்டும்: ஐயா, உங்கள் பெயர் என்ன? அம்மா, நீங்கள் பிறந்தது எந்தத் தெரு? இளமையில் என்ன வேலை பார்த்தீர்கள்? யாரைக் கண்டால் சிரிப்பீர்கள்? பிறகு அந்த விடைகளைப் பாட்டாக்கட்டும். பாட்டு நன்றாக அமையாமற் போனாலும் அந்தக் கேள்விகள் வீண்போகா. நாங்கள் ஆண்டுக்கணக்கில் பணியாற்றியும் கேளாத கேள்விகள் அவை.

உடனிருப்போரிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் குரல் இனிமையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கட்டிலருகே அமர்ந்து, அவருக்குப் பிடித்த பாட்டை இரண்டு வரி முணுமுணுத்துப் பாருங்கள். அல்லது அவர் பெயரைச் சொல்லி, அவர் செய்த ஒரு நல்ல காரியத்தை அவரிடமே சொல்லுங்கள். காரியத்தன்று உறவினரிடம் சொல்லி அழப்போகும் அந்தச் சொற்களில் சிலவற்றை இன்றே அவருக்குக் கொடுத்துவிடுங்கள். நலம் பெற்று வீடு திரும்புபவருக்கும் அவை சுமையாகா.

அந்த அம்மையாரை நாங்கள் பின்பு சந்தித்தோம். கணவர் பிழைத்து எழுந்து, வெளிநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். பாட்டு பற்றிய எங்கள் எண்ணத்தை அவரிடம் சொன்னோம். "கேட்டுட்டுப் பாடுங்க. அது போதும்" என்றார். இத்திட்டத்தின் முதல் விதியாக அதையே எழுதிக்கொண்டோம்.

உங்கள் கருத்து, மறுப்பாயினும், எங்களுக்கு வேண்டும். ஒரு சீட்டில் எழுதித் தரைத்தளத்தில் உள்ள செய்திமடல் பெட்டியில் இடுங்கள். எழுத இயலாதோர் வார்டுச் செவிலியரிடம் சொன்னால் போதும். கோடை தொடங்குமுன் அவற்றைப் படித்து, நிர்வாகத்தின் முன் வைப்போம்.